அரிய பறவையைப் பார்த்தாச்சு... லொக்கேஷனை உடனே ஷேர் பண்ணலாமா?

வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் நிறைந்ததும், தமிழ்நாட்டில் பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்களும் களைகட்டத் தொடங்கிவிடும். நவம்பரில் ஆரம்பித்து மார்ச் வரை இதே கதைதான். யாரோ ஒருவர் காலையில் ஒரு போட்டோ போடுவார். கொஞ்சம் மங்கலாக இருக்கும். 'இது இந்தப் பக்கம் வராத பறவையாச்சே' என்று ஒரு சீனியர் ஆச்சரியப்படுவார். அடுத்த நிமிடமே மெசேஜ்கள் கொட்டும். 'செம... எங்கே பார்த்தீங்க?', 'பின் அனுப்புங்க ப்ரோ', 'காலையில போனா இருக்குமா?'

இந்த இடத்தில் பறவை பார்ப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். 'அறிவியல் தகவல் எல்லோருக்கும் பொது. மறைக்கக் கூடாது' என்பது ஒரு கட்சி. 'இடத்தைச் சொன்னால் நாளைக்கே ஐம்பது கேமரா வந்து நிற்கும். பறவை ஓடிவிடும்' என்பது இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. சண்டை தீராமல் இருப்பதற்குக் காரணம், இரண்டு வெவ்வேறு வேலைகளை நாம் ஒரே வேலையாக நினைப்பதுதான்.

பதிவு செய்வது வேறு. பகிர்வது வேறு. அரிய பறவையைப் பார்த்தால் பதிவு செய்தே ஆக வேண்டும், அதில் சமரசம் வேண்டாம். ஆனால் அதன் இருப்பிடத்தை அன்றைக்கே ஊருக்கெல்லாம் சொல்வது, ஒவ்வொரு முறையும் யோசித்து எடுக்க வேண்டிய முடிவு. ஏன் என்று பார்ப்போம்.

'அரிய பறவை' என்றால் என்ன?

எல்லா 'ரேர்' பறவையும் ஒரே மாதிரி ரேர் இல்லை. உலகிலேயே குறைவாக இருக்கும் பறவை ஒரு வகை. வேறு எங்கோ நிறைய இருந்தாலும், வழி தவறியோ புயலில் சிக்கியோ நம் ஊருக்கு வந்துவிட்ட பறவை இரண்டாவது வகை. நடுக்கடலில் வாழும் சில பறவைகள் புயலுக்குப் பிறகு சோர்ந்துபோய்க் கரை ஒதுங்குவது இப்படித்தான். மூன்றாவது வகை, வழக்கமாக வரும் பறவைதான், ஆனால் வரக்கூடாத மாதத்தில் வந்திருக்கும். ஜனவரியில் நம் ஏரியில் ஊசிவால் வாத்து நீந்தினால் அது செய்தி இல்லை. ஜூன் மாதம் நீந்தினால் செய்தி.

கூண்டிலிருந்து தப்பித்த வளர்ப்புப் பறவையையும் சிலர் அரிய வரவு என்று நினைத்துவிடுவதுண்டு. வண்ணமயமான ஒரு வெளிநாட்டு வாத்து நகரத்துக் குளத்தில் திடீரென்று தென்பட்டால், 'முதல் பதிவு' என்று கொண்டாடுவதற்கு முன் யார் வீட்டிலிருந்து வந்தது என்றும் யோசிக்க வேண்டும்.

பதிவு செய்யாமல் விட்டால் என்ன குறைந்துவிடும்?

நிறையவே குறையும். 'ஸ்டேட் ஆஃப் இந்தியாஸ் பேர்ட்ஸ்' என்ற அறிக்கை 2023-ல் வெளியானது. 942 பறவை இனங்களின் நிலையை அது அலசியது. அதற்கு அடிப்படை, சுமார் 30,000 பேர் 'ஈபேர்ட்' தளத்தில் போட்டுவைத்த மூன்று கோடிக்கும் அதிகமான பதிவுகள். இவர்களில் பெரும்பாலானோர் விஞ்ஞானிகள் கிடையாது. ஐடி ஊழியர்கள், ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள். 178 இனங்கள் மிகுந்த பாதுகாப்புக் கவனம் தேவைப்படுபவை என்றும், வெகுதொலைவிலிருந்து வலசை வரும் பறவைகள் உள்ளூர்ப் பறவைகளைவிட மோசமாகச் சரிந்திருக்கின்றன என்றும் அந்த அறிக்கை சொன்னது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்கத்தை விட்டு எழுந்து ஏரிக்கரைக்குப் போனவர்களின் குறிப்புகள் இல்லாமல் இது வெளியே வந்திருக்காது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு நீர்நிலைக்கு 'ராம்சர்' அங்கீகாரம் கிடைப்பதற்கான அளவுகோல்களில் இரண்டு, பறவைகளின் எண்ணிக்கை சார்ந்தவை. வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகளைத் தாங்கும் இடமாக இருக்கலாம். அல்லது ஒரு நீர்ப்பறவை இனத்தின் மொத்தத் தொகையில் ஒரு சதவீதத்தை வழக்கமாகத் தாங்கும் இடமாக இருக்கலாம். யாராவது வருடக்கணக்கில் எண்ணி எழுதி வைத்திருந்தால்தான் இதைச் சொல்ல முடியும். 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பின் அருமை இதில்தான் தெரியும். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் 1,247 ஹெக்டேர் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சுற்றிலும் அபார்ட்மென்ட்டுகளும் ஐடி பூங்காக்களும் எழும்பிவிட்ட ஒரு இடத்தில், 'இங்கே ஒன்றுமில்லை, வெறும் சேறு' என்று சொல்ல முடியாதபடி செய்வது இந்த மாதிரிப் பதிவுகள்தான்.

எனவே, 'நான் பார்த்தேன், ரசித்தேன், போதும். யாருக்கும் சொல்ல மாட்டேன்' என்பது கேட்க அழகாக இருக்கலாம். ஆனால் பதிவே இல்லாத ஏரிக்காக நாளைக்கு வாதாட யாரிடமும் ஆதாரம் இருக்காது.

அரிய பறவையை மட்டும் போட்டால் போதாதா?

போதாது. ஒருவர் இரண்டு மணி நேரம் ஏரியில் நின்று நாற்பது இனங்களைப் பார்க்கிறார். வீட்டுக்கு வந்து ஒரே ஒரு அரிய பறவையை மட்டும் பதிவேற்றுகிறார். இதையே எல்லோரும் செய்தால் என்ன ஆகும்? தரவுகளில் அரிய பறவைகள் பெருகிக்கொண்டே போகும். காகமும் மைனாவும் கொக்கும் குறைந்துகொண்டே போகும். நிஜத்துக்கு நேர் எதிரான படம் கிடைக்கும்.

அதனால்தான் ஈபேர்ட் ஒவ்வொரு முறையும், 'உங்களால் அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் பதிவு செய்திருக்கிறீர்களா?' என்று கேட்கிறது. 'ஆம்' என்று சொல்லக்கூடிய பட்டியலுக்கு மதிப்பு அதிகம். அந்தப் பட்டியலில் இல்லாத பறவையும் ஒரு தகவல்தான். 'போன வருடம் இதே ஏரியில் இருநூறு கருவால் மூக்கன் இருந்தது, இந்த வருடம் ஒன்றுகூட இல்லை' என்பது ஒரு அரிய பறவையின் வரவைவிடப் பெரிய செய்தியாக இருக்கலாம். 2015 முதல் பொங்கலை ஒட்டி நான்கு நாட்கள் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இந்த முறையில்தான் நடக்கிறது. வீட்டு மொட்டை மாடியில் 15 நிமிடம் நின்று எண்ணினாலும் கணக்கில் வரும்.

'ரேர்' என்று ஆப் எச்சரித்தால் கோபப்படலாமா?

புதிதாக வருபவர்கள் மனம் புண்படும் இடம் இது. ஒரு பறவையைத் தேர்வு செய்ததும் ஆப்பில் 'ரேர்' என்று குறி வருகிறது, விவரம் கேட்கிறது. பிறகு யாரோ ஒருவர் மெயில் அனுப்புகிறார், 'எப்படி அடையாளம் கண்டீர்கள்?' என்று. 'என்னை நம்பலையா?' என்று சிலர் அத்தோடு ஆப்பையே டெலீட் செய்துவிடுகிறார்கள்.

விஷயம் எளிமையானது. ஒவ்வொரு பகுதிக்கும், ஒவ்வொரு மாதத்துக்கும், எந்தப் பறவை எத்தனை இருக்கக்கூடும் என்று ஒரு வடிகட்டி வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் கணினியே நிறுத்திக் கேட்கும். அதன்பின் உள்ளூர்ப் பறவைகளை நன்கு அறிந்த தன்னார்வலர் ஒருவர் பார்ப்பார். அவருக்குச் சம்பளம் கிடையாது. பதிவு உறுதியாகாவிட்டாலும் உங்கள் சொந்தப் பட்டியலில் அது அப்படியேதான் இருக்கும். பொதுவான வரைபடத்தில் மட்டும் வராது.

சந்தேகப்படுவதற்குக் காரணமும் இருக்கிறது. பழுப்பு நிறத்தில் கோடு கோடாக இருக்கும் இளம் வக்காவை, நாணலுக்குள் ஒளிந்து வாழும் அரிய பிட்டர்ன் என்று நினைப்பது அடிக்கடி நடக்கிற குழப்பம். வெள்ளைத் தலை இன்னும் வராத இளம் செம்பருந்து, பார்ப்பவர்களை இதைவிட அதிகம் குழப்பும். 'மெர்லின்' ஆப் ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்வது பெரிய உதவிதான். ஆனால் அது சொல்வது ஒரு யூகம். ஸ்க்ரீனில் பெயர் வந்துவிட்டது என்பதற்காக அந்தப் பறவை மரத்தில் இருந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. கண்ணால் பார்க்காமல், குரலைத் தானும் கேட்டு உறுதி செய்யாமல், மெர்லின் சொன்னதை அப்படியே பட்டியலில் ஏற்றுவது தவறு.

அப்புறம், விவரம் எழுதும்போது 'நன்றாகப் பார்த்தேன், அதுதான்' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. எவ்வளவு தூரத்தில், எந்த வெளிச்சத்தில் பார்த்தது? அலகு எப்படி, கால் என்ன நிறம்? பறக்கும்போது இறக்கையில் என்ன தெரிந்தது? குரல் கேட்டதா? அதைப் போலவே இருக்கும் வேறு பறவை எது, அது இல்லை என்று எப்படி முடிவு செய்தீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கான பதில்தான் முக்கியம். மங்கலான போட்டோவாக இருந்தாலும் சேர்த்துவிடுங்கள். அழகான படம் தேவையில்லை, அடையாளம் தெரிந்தால் போதும். பறவையின் காலில் வளையமோ வண்ணப் பட்டையோ இருந்தால் அதையும் குளோசப்பில் எடுத்து, எழுத்தையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கோடியக்கரை உள்ளிட்ட இடங்களில் பறவைகளுக்கு வளையமிடும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அதைத் தெரியப்படுத்தினால், ஒரு பறவையின் பயணத்தில் விடுபட்ட ஒரு பக்கம் கிடைக்கும்.

இடத்தைச் சொன்னால் அப்படி என்ன ஆகிவிடும்?

பகிர்தல் பற்றிய சிக்கல் இதுதான். குளிர்காலத்தில் இங்கே வரும் பறவை சுற்றுலா வரவில்லை. சைபீரியாவிலிருந்தோ மத்திய ஆசியாவிலிருந்தோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து, சக்தியெல்லாம் தீர்ந்து வருகிறது. இங்கே தின்று கொழுப்பைச் சேர்த்துக்கொண்டால்தான் மார்ச், ஏப்ரலில் திரும்பிப் போக முடியும். சில கரையோரப் பறவைகள் கிளம்புவதற்கு முன் உடல் எடையைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கிக் கொள்ளும். அந்தச் சேமிப்புக் காலத்தில் ஒருநாளைக்குப் பத்து முறை துரத்தப்பட்டால், ஒவ்வொரு முறையும் இரண்டு செலவு. மேய முடியாத நேரம் ஒன்று, பறந்து வீணான சக்தி இன்னொன்று.

பகலில் தரையிலோ மரத்திலோ ஓய்வெடுக்கும் ஆந்தையின் நிலை இதைவிட மோசம். ஆள் நெருங்கி அது வெளியே பறந்துவிட்டால், காகங்கள் கூட்டமாகச் சூழ்ந்து விரட்டும். புல்வெளியில் தரையோடு தரையாக அமரும் குட்டைக்காது ஆந்தை போன்ற குளிர்கால விருந்தாளியைப் பார்க்க, பைக்கும் காரும் புல்வெளிக்குள்ளேயே இறங்குவதைக் கற்பனை செய்யத் தேவையில்லை, பறவை பார்ப்பவர்கள் பலருக்கும் பழக்கமான காட்சிதான். போனில் குரலை ஒலிக்கவிட்டு ஆறுமணிக்குருவியை வெளியே வரவழைப்பது, புழுவைப் போட்டு 'போஸ்' கொடுக்க வைப்பது, இதெல்லாம் ஒருவர் ஒருமுறை செய்தால் சின்ன விஷயமாகத் தெரியும். அதே இடத்துக்கு அடுத்தடுத்து நாற்பது பேர் வந்து செய்தால்?

கேமராவுக்குப் பின்னால் இருப்பவர்கள் மட்டும் குரூப்பில் இல்லை என்பதும் கவலை. ஆந்தைகள் மாந்திரீகத்துக்காகப் பிடிக்கப்பட்டு விற்கப்படுவதை ட்ராஃபிக் இந்தியா 2010-லேயே அறிக்கையாக வெளியிட்டது. ஏரிக்கரைகளில் இறைச்சிக்காகக் காட்டு வாத்துகளைப் பிடிப்பதும் இன்னும் முழுதாக நின்றபாடில்லை. ஐந்நூறு பேர் இருக்கும் குரூப்பில் போடும் 'பின்' எங்கெங்கே ஃபார்வர்டு ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சட்டமும் இதில் வருகிறது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972, காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதையும் 'வேட்டை' என்ற வரையறைக்குள்தான் வைத்திருக்கிறது. வலசை வரும் பறவை இங்கே கூடு கட்டாது. ஆனால் வேடந்தாங்கல் போன்ற இடங்களில் உள்ளூர் நீர்ப்பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது இதே குளிர்காலத்தில்தான். அரிய விருந்தாளியைத் தேடிப் போகும் கூட்டம் பக்கத்து மரத்துக் கூட்டைக் கலைத்துவிடக் கூடும்.

அப்போ, எதையுமே சொல்லக் கூடாதா?

'ரகசியம் காப்போம்' என்ற கட்சியிலும் ஒரு கோளாறு இருக்கிறது. பல ஊர்களில் ரகசியம் என்பது நடைமுறையில் 'நம்ம நாலு பேருக்கு மட்டும்' என்று ஆகிவிடுகிறது. பெரிய லென்ஸ் வைத்திருப்பவருக்குத் தகவல் போகும். பஸ் பிடித்து வரும் கல்லூரி மாணவிக்குப் போகாது. பறவையைப் பாதுகாப்பது என்ற பெயரில் நடக்கும் இந்த வடிகட்டல், பாதுகாப்பும் இல்லை, நியாயமும் இல்லை. புதியவர்கள் வந்தால்தான் அடுத்த இருபது வருடத்துக்கு எண்ண ஆள் இருக்கும்.

வெளியே சொன்னதால் பறவைகள் பிழைத்த கதையும் உண்டு. நாகாலாந்தில் தோயாங் நீர்த்தேக்கம் பக்கம், வலசை போகும் வழியில் தங்கும் அமூர் வல்லூறுகள் வலை வைத்துப் பிடிக்கப்படுவது 2012-ல் வீடியோ ஆதாரத்துடன் வெளியே வந்தது. ஒரே சீசனில் ஒரு லட்சத்துக்கும் மேல் கொல்லப்படுவதாக மதிப்பிடப்பட்டது. விஷயம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஊர் மக்கள், தேவாலயங்கள், வனத்துறை, தன்னார்வ அமைப்புகள் எல்லாம் சேர்ந்து முயன்றதில் அடுத்த ஆண்டே வேட்டை நின்றது. அங்கே மௌனம்தான் பறவைகளுக்கு எமனாக இருந்திருக்கும்.

நம் பக்கத்திலும் பார்க்கலாம். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், பறவைகளுக்காகப் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. தங்கள் கண்மாயில் என்ன இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்ததால் வந்த பாதுகாப்பு அது. எனவே கேள்வி 'சொல்லலாமா, கூடாதா' என்பதில் இல்லை. எதை, யாருக்கு, எப்போது சொல்வது என்பதில் இருக்கிறது.

எப்போ சொல்லலாம், எப்போ காத்திருக்கணும்?

பகிர்வதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம்.

ஒன்று, பறவை ஒரே இடத்தில் தங்கியிருக்கிறதா? திறந்த ஏரியின் நடுவில் ஆயிரம் வாத்துகளோடு நீந்தும் ஒரு அரிய வாத்தைப் பற்றிச் சொல்வதில் பெரிய ஆபத்தில்லை. கரையிலிருந்தே எல்லோரும் பார்க்கலாம். ஒரே மரத்தில் தினமும் அடையும் ஆந்தையின் கதை வேறு.

இரண்டு, அதைப் பிடிக்கவோ விற்கவோ ஆள் இருக்கிறதா? ஆந்தை, வல்லூறு என்றால் இடம் வேண்டவே வேண்டாம்.

மூன்று, அந்த நிலம் யாருடையது? வயல் என்றால் உழவரிடம் கேட்டீர்களா? 'அண்ணே, இப்படி ஒரு பறவை வந்திருக்கு, நாலு பேர் பார்க்க வரலாமா?' என்று ஒரு வார்த்தை கேட்பதில் நம் மரியாதை குறையாது. நாற்று மிதிபட்டால் அவருக்கு நஷ்டம், அடுத்த முறை பறவையும் அவருக்கு எதிரியாகிவிடும்.

நான்கு, அந்த இடம் எத்தனை பேரைத் தாங்கும்? சரணாலயத்தின் பார்வைக் கோபுரம் கூட்டத்தைத் தாங்கும். முள்ளுக்காட்டு ஒற்றையடிப் பாதை தாங்காது.

நான்கில் ஒன்றில் இடித்தாலும், பறவை போன பிறகு சொல்லலாம். பதிவின் மதிப்பு ஒரு மாதம் தாமதமானால் குறைந்துவிடாது. குறைவது லைக்குகள் மட்டும்தான்.

போனில் என்ன செய்யணும்?

ஈபேர்டில் உங்கள் பட்டியலைப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்து வைக்க முடியும். பிறகு வெளிப்படுத்தலாம். அல்லது, குறித்து வைத்துக்கொண்டு பறவை கிளம்பிய பிறகு, பார்த்த தேதியைச் சரியாகப் போட்டுப் பதிவேற்றலாம். சில இனங்களை அந்தத் தளமே 'சென்சிடிவ்' என்று வகைப்படுத்தி, துல்லியமான இடம் தெரியாமல் பார்த்துக்கொள்கிறது. ஆனால் உங்கள் ஊருக்கு வந்த அரிய பறவை அந்தப் பட்டியலில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இந்தப் பதிவுகளைப் பார்த்து மெயிலில் அலர்ட் பெறுபவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதிவிடும்போதே இடத்தை மங்கலாக்கும் வசதி இருக்கிறது.

போட்டோவிலும் கவனம் தேவை. லொக்கேஷன் ஆன் செய்த போன் எடுக்கும் படத்துக்குள்ளேயே எடுத்த இடம் பதிவாகியிருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விவரம் நீங்கிவிடும். தரம் குறையக் கூடாது என்று 'டாக்குமென்ட்'டாக அனுப்பினால் அப்படியே போய்விடும். பின்னணியில் தெரியும் செல்போன் டவர், கோவில் கோபுரம், போர்டு எல்லாமே ஜி.பி.எஸ். மாதிரிதான். இன்ஸ்டாவில் ஊர்ப் பெயருக்குப் பதில் மாவட்டத்தின் பெயரை மட்டும் போடலாம்.

குரூப் அட்மின்களுக்கு ஒரு வார்த்தை

இதையெல்லாம் தனி நபரின் மனசாட்சிக்கே விட்டுவிட முடியாது. ஆர்வம் கொப்பளிக்கும் நேரத்தில் யாருக்கும் நான்கு கேள்வி ஞாபகம் வராது. குரூப்புக்கென்று நாலு வரி விதி இருந்தால் போதும். கூடு, அடையும் மரம், ஆந்தை ஆகியவற்றின் இடம் குரூப்பில் வராது. அரிய பறவை என்றால் முதலில் ஓரிருவரிடம் காட்டி உறுதி செய்த பிறகு அறிவிப்பு. பார்க்க வைக்கலாம் என்று முடிவானால், சிறு குழுவாக, ஒருவர் வழிநடத்த, தூரத்திலிருந்து. அந்தக் குழுவில் புதியவர்களுக்கு முன்னுரிமை. தேவைப்பட்டால் வனத்துறைக்கும் தகவல்.

தப்பாக அடையாளம் சொன்ன புதியவரை ஐந்நூறு பேர் முன்னால் கிண்டல் செய்யாமல் இருப்பதும் அந்த விதிகளில் ஒன்றாக இருக்கட்டும். 'எதை வச்சு முடிவு பண்ணீங்க?' என்ற கேள்வி ஒருவருக்குக் கற்றுக்கொடுக்கும். 'இதுகூடத் தெரியாதா?' என்ற கேள்வி அவரை அடுத்த பதிவே போடவிடாது. அந்தப் போடாத பதிவில்தான் நிஜமான ஒரு அரிய பறவை இருந்திருக்கலாம்.

மார்ச் கடைசியில் இந்த விருந்தாளிகள் எல்லாம் கிளம்பிவிடும். சில வருடங்கள் கழித்து அந்த ஏரிக்கரையில் சாலையோ கட்டடமோ வரப்போகிறது என்று பேச்சு எழும்போது, யாராவது பழைய பதிவுகளைத் தேடுவார்கள். தேதி, எண்ணிக்கை, அடையாள விவரம் எல்லாம் சரியாக இருந்தால் அந்தத் தாள் பேசும். 'செம ஷாட் ப்ரோ' என்ற மெசேஜ் அப்போது எதற்கும் உதவாது.